அகத்தா சுமந்த வெள்ளைப்போளம்

மலேசியாவில் கெடா மாநிலத்துச் செர்டாங் பக்கம் ஒரு கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால், சவப்பெட்டிக்காரருக்குச் சொல்வதற்கு முன்பே அகத்தாவுக்குச் சொல்லிவிடுவார்கள். அவள் வந்து குளிப்பாட்டி, துணி மாற்றி, தலை வாரி, விரல்களில் செபமாலையைக் கோத்துவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம் நடக்கும். கூப்பிட்டால் இந்து வீடுகளுக்கும் போவாள். ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்களுக்குள் சாவில் என்ன வேற்றுமை என்பது அவளுடைய எண்ணம்.

பிழைப்புக்கு அவள் பார்த்தது வேறு வேலை. கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரிய, மைக்ராஸ்கோப்பில் குனிந்து கடுகைவிடச் சிறிய சில்லுகளைச் சோதிக்கிற வேலை. ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தாள். கணவர் சில்வெஸ்டர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அவர்களுக்கு மெலிசா ஒரே மகள்.

பிணம் குளிப்பாட்டுவதை அகத்தாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது இராசாத்தி என்ற ஒரு பெண்ணால் வந்தது. இராசாத்தி பால்மரம் வெட்டுகிறவள். லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். மார்பில் வந்த கட்டி உடைந்து புண்ணாகி, கடைசியில் அந்த வீட்டுப் பக்கம் போகவே முடியாதபடி நாற்றம் வீசியது. ஒரு மத்தியானம் அவள் இறந்துபோனாள். பெண்களெல்லாம் மூக்கில் சேலை முந்தானையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். புதுக் கல்யாணப் பெண்ணாக அப்பா வீட்டுக்கு வந்திருந்த அகத்தாவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள்.

"அப்படியே துணியில சுத்திப் பொட்டியில வச்சிரலாம்" என்றார் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர்.

"அப்படியேவா?" என்று கேட்டது தன் குரல்தான் என்பது அகத்தாவுக்கே பிறகுதான் தெரிந்தது.

சுடுதண்ணீர் கேட்டாள். யாரோ கொண்டுவந்து நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். உள்ளே நாற்றம் இன்னும் கடுமையாக இருந்தது. அதைவிட அந்த வீட்டின் அமைதி பயமாக இருந்தது. பயத்தைப் போக்கிக்கொள்ளப் பேச ஆரம்பித்தாள். "அக்கா, கையைக் கொஞ்சம் தூக்குங்க. தண்ணி சூடா இருந்தா சொல்லுங்க. இந்தா, முடிஞ்சிருச்சி, முதுகு மட்டுந்தான்." அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் பிறகு விடவே இல்லை. எந்த வீட்டில், யாரைக் குளிப்பாட்டினாலும் அவள் பேசிக்கொண்டேதான் இருப்பாள்.

வேலை முடித்து வெளியே வந்தபோது வாசலில் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். சிலர் மரியாதையில் ஒதுங்கினார்கள். சிலர் அவள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று ஒதுங்கினார்கள். இரண்டுமே அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் அவள் கூடவே வந்தன. சாவு வீட்டில் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களே பேறுகால வீட்டில் அவளைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்கள். அகத்தா அதைப் பெரிதுபடுத்த மாட்டாள். பிள்ளையைப் பார்க்கப் போவதையே நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

செர்டாங்கில் அவர்கள் போகிற கோயில் சின்னது. ஃபாதர் சில ஞாயிறுகளில்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் அமலன் செபம் நடத்துவார். கிறிஸ்துமஸ் அன்று பாதிப் பேர் பெரிய ஊர்க் கோயில்களுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதற்கடுத்து வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் அங்கே ராஜாக்கள் வருவார்கள். கிழக்கேயிருந்து நட்சத்திரத்தைப் பின்பற்றி வந்த மூன்று ஞானிகள், மாட்டுத் தொழுவத்துப் பிள்ளையின் முன்னால் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்குகிற காட்சி. திரைச்சீலைத் துணியில் தைத்த அங்கி, ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடம். அந்த வருடம் பங்கில் கடைசியாகப் பிறந்த பிள்ளையைத்தான் குடிலில் கிடத்துவார்கள்.

பொன் தட்டைத் தூக்க எப்போதும் போட்டி இருக்கும். சாம்பிராணிக்கும் ஆள் கிடைப்பார்கள். கோயில் முழுக்கப் புகை போட்டபடி நடந்து வருவதில் ஒரு மிடுக்கு இருந்தது. வெள்ளைப்போளத்தைத் தூக்கத்தான் ஒருத்தரும் முன்வர மாட்டார்கள். அது பிணத்துக்குப் பூசுகிற பொருள் என்றும், பிறந்த அன்றே அந்தப் பிள்ளையின் சாவை அது சொல்லிவிட்டது என்றும் ஃபாதர் ஒருமுறை பிரசங்கத்தில் விளக்கிச் சொன்னதிலிருந்து இப்படித்தான். ஒரு வருடம், வருகிறேன் என்று சொல்லியிருந்த ஆளும் வராமல் போகவே, அமலன் பூசை தொடங்கும் நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு அகத்தாவிடம் வந்தார்.

"அக்கா, நீங்க தூக்கிறீங்களா? உங்களுக்குத்தான் இதிலெல்லாம் பயம் இல்லையே."

பொம்பளை ராஜாவா என்று யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த சில்வெஸ்டர் எழுந்து, "அவ ராஜாதான். நான்தான் ஒட்டகம்" என்றார். கோயிலே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மூன்றாவது ராஜா அகத்தாதான். அவள் ஏந்தி வந்த கண்ணாடிப் புட்டியில் இருந்தது தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் சாம்பிராணித் தூளும். உண்மையான வெள்ளைப்போளத்தை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் சில்வெஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு குழறி, பிறகு அதுவும் நின்றுபோனது. மெலிசா கூலிமில் வேலையில் இருந்தாள். வாரக் கடைசியில் வந்து போவாள். மற்ற நாளெல்லாம் அகத்தாதான். காலையில் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சியைக் கரண்டியில் ஊட்டுவது, முதுகில் வந்த படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது. ஒரு பெரிய ஆளை ஒற்றை ஆளாகப் புரட்டிப் புரட்டி அவளுடைய இடுப்பு விட்டுப்போனது. ஒவ்வொரு காலையும் துடைத்து முடித்ததும் கழுத்தில் பவுடர் போட்டுவிடுவாள். அவர் இடது கையால் அவளுடைய கைலியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வார். நன்றி சொல்கிறாரா, விடாதே என்கிறாரா என்று அவளுக்குத் தெரியாது. "சரி சரி, இங்கதான் இருக்கேன்" என்பாள்.

கோவிட் வந்தபோதும் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தப்பித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கெடா முழுக்க ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்த அந்த இரண்டாம் வருடத்தில்தான் அது அவர்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. முதலில் அகத்தாவுக்குத் தொண்டை வலித்தது. மறுநாள் சில்வெஸ்டருக்கு மூச்சு இரைத்தது. ஆம்புலன்சில் வந்தவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்களைப் போல உடை போட்டிருந்தார்கள். துண்டு, செபமாலை, பவுடர் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அகத்தாவும் ஏறப் போனாள். ஒரு பையன் கையை நீட்டித் தடுத்தான்.

"மக்சிக் தா போலே ஈக்கோட்." நீங்கள் கூட வர முடியாது என்கிறான். அவன் குரலில் அதிகாரம் எதுவும் இல்லை. தூக்கமில்லாத குரல்.

சில்வெஸ்டரின் இடது கை அவளுடைய கைலியைத் தேடியது. அவள் அதைப் பிடித்து அவருடைய மார்பின் மேல் வைத்தாள். கதவைச் சாத்தினார்கள்.

அவர் அங்கிருந்து திரும்பி வரவில்லை. கையில் தனிமைப்படுத்தலுக்கான இளஞ்சிவப்புப் பட்டையுடன் அடுப்பங்கரையில் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஃபாதர் உள்ளே போய் நோயில் பூசுதல் கொடுக்க வழி இருக்கவில்லை. உடலைப் பையில் போட்டு மூடிவிட்டார்கள். திறக்கக் கூடாது, தொடக் கூடாது. வீட்டை விட்டு வெளியே வர அகத்தாவுக்கு அனுமதி இல்லை. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் தள்ளி நின்று பார்க்க மெலிசாவை மட்டும் விட்டார்கள். அவள் போனை உயர்த்திப் பிடித்து அம்மாவுக்குக் காட்டினாள். செம்மண், வெள்ளை உடுப்பில் நான்கைந்து பேர், ஒரு பெட்டி. காட்சி ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு லைன் அறுந்துவிட்டது. அகத்தா கறுப்புத் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் யார் யாரையோ குளிப்பாட்டினாள். அறிந்தவர், அறியாதவர், சண்டை போட்டவர், முகம் கொடுத்துப் பேசாதவர். தன் புருஷனின் முகத்தில் ஒரு கை தண்ணீர் விட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதோடு அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். கட்டுப்பாடுகள் தளர்ந்து, சாவு வீடுகளில் பழையபடி எல்லாம் நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் போகவில்லை. அடுத்த வீட்டுத் தேவகி, மாமியார் இறந்தபோது வேலியோரம் வந்து நின்று அழுதுகொண்டே கூப்பிட்டாள்.

"அக்கா, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

"வேற யாரையாச்சும் பாரும்மா."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க?"

"அவருக்குச் செய்யாத கையி. இனிமே யாருக்கும் செய்யாது." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் அதைப் புரிந்துகொண்டது. கூப்பிடுவதை நிறுத்திவிட்டது.

மறு வருடம் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஃபெலிசியா கைப்பிள்ளையோடு வந்தாள். அமலனின் மகன் ரையனைக் கட்டியவள். பிரசவமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"ஆண்ட்டி, மூணு ராஜா திருநாளுக்கு எங்க பாப்பாவைத்தான் குடில்ல வைக்கப் போறாங்க."

"சந்தோஷம்மா."

"வெள்ளைப்போளம் நீங்கதான் கொண்டு வரணும்."

அகத்தா பிள்ளையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். "உன் மாமியார் இதுக்கு ஒத்துக்கிட்டாங்களா?"

ஃபெலிசியா தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க பேசத்தான் செய்வாங்க. பொணத்தைத் தொட்ட கைன்னாங்க. பச்சைப் புள்ளை கிட்ட வரலாமான்னாங்க. ரையன் கிட்ட நான் கிளியரா சொல்லிட்டேன். அகத்தா ஆண்ட்டி வந்தா பாப்பா வரும், இல்லாட்டி வேற வீட்டுப் புள்ளையப் பாத்துக்கங்கன்னு."

"ஏம்மா வீட்டுல சண்டையை இழுத்து வைக்கிற?"

"எங்க அம்மா செத்தப்ப நான் அந்த ரூமுக்குள்ள வர மாட்டேன்னு அழுதேன், ஞாபகம் இருக்கா? நீங்கதான் என் கையில சீப்பைக் குடுத்தீங்க. உனக்கு எவ்வளவு நாள் வாரி விட்டிருப்பாங்க, இன்னிக்கி நீ வாருன்னு சொன்னீங்க. அன்னிக்கி மட்டும் நான் உள்ளே வராம இருந்திருந்தா, இன்னிக்கி வரைக்கும்..."

யாரிடம் சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அந்தச் சீப்பு எனக்குக் கெடைக்கலம்மா" என்றாள் அகத்தா.

பிள்ளை சிணுங்கியது. ஃபெலிசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "நான் வேற யார்கிட்டயும் கேட்க மாட்டேன், ஆண்ட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை மெலிசா அம்மாவை வலுக்கட்டாயமாக அலோர் ஸ்டாருக்கு அழைத்துக்கொண்டு போனாள். உடன் வேலை பார்க்கும் பெண்ணின் கல்யாணம். வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் அம்மாவை எப்படியாவது வெளியே கொண்டுபோக அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. விருந்து முடிந்து இருவரும் பெரிய பள்ளிவாசல் பக்கத்துக் கடைத்தெருவில் நடந்தார்கள். ஒரு அத்தர்க் கடை வந்தது. மூலிகை மூட்டைகளும் வாசனைப் புட்டிகளும் அடைத்துக் கிடந்தன. தொப்பி போட்ட முதியவர் ஒருவர் தமிழில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அகத்தா நின்றாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"பாய், வெள்ளைப்போளம் இருக்குமா?"

"இருக்கேம்மா. இங்க மூர்னு சொல்லுவாங்க." அவர் ஒரு டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். வெள்ளையாக எதுவும் இல்லை. செங்கல் பொடிந்ததைப் போலப் பழுப்பும் சிவப்புமாகச் சின்னச் சின்னக் கட்டிகள். அகத்தா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். மண்வாசமும் மருந்துவாசமும் கலந்து வந்தது.

"நாக்குல வச்சிப் பாருங்க."

வைத்தாள். கசப்பு காதுவரை ஏறியது. அவள் முகம் சுளித்ததைப் பார்த்துப் பாய் சிரித்தார்.

"இதைச் செத்தவங்களுக்குப் பூசத்தானே வாங்குறாங்க?" என்று கேட்டாள்.

"அந்தக் காலத்துல பூசியிருப்பாங்க. எங்கள்ல மையித்துக்குக் கற்பூரம் வைப்போம். இதை நான் உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் விக்கிறேன். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பாங்க. ஆறாத புண்ணுக்குத் தூளாக்கி வைப்பாங்க. புள்ளை பெத்தவங்க வீட்டுல இருந்தும் வந்து கேப்பாங்க."

அகத்தா கையிலிருந்த கட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெலிசா, "அம்மா, வாங்கலாமா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் தலையை ஆட்டினாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல்வெளி. மெலிசா காரை ஓட்டினாள். குருண் ஊரைத் தாண்டும்வரை அகத்தா டப்பாவை மடியில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதைப் போல ஆரம்பித்தாள்.

"பாஸ்கா அன்னிக்கி வாசிப்பாங்கல்ல. ஞாயித்துக்கிழமை விடியறப்ப அந்தப் பொம்பளைங்க வாசனைப் பொருளெல்லாம் எடுத்துக்கிட்டு ஆண்டவரோட கல்லறைக்குப் போனாங்கன்னு."

"ம்."

"அவங்களுக்கும் பூசக் கெடைக்கலை. போனாங்க, ஒடம்பு அங்க இல்லை. எடுத்துக்கிட்டுப் போனதைக் கையிலயே வச்சிக்கிட்டுத் திரும்பி வந்திருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அந்த ராஜா கொண்டு வந்தது அவர் கைக்கு ஒழுங்காப் போய்ச் சேந்திருக்கு. உசுரோட இருக்கிறப்பவே குடுத்ததால."

மெலிசா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க அப்பாவுக்குச் செஞ்சதும் உசுரோட இருக்கிறப்பதானேம்மா? டெய்லி குளிப்பாட்டினீங்க. எந்தப் பொணத்துக்கும்மா நீங்க அவ்வளவு செஞ்சிருக்கீங்க?"

அகத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த மெலிசா, காரை ஓய்விடத்துக்குள் திருப்பி ஒரு மரத்தடியில் நிறுத்தினாள். இவ்வளவு நாளும் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னாள்.

"அன்னிக்கி லைன் கட்டானப்பறம் ஒண்ணு நடந்திச்சும்மா. நான் கேட் கிட்ட நின்னு கத்தி அழுதேன். அந்த டிரெஸ் போட்ட ஆளுங்கள்ல ஒருத்தர், மலாய்க்காரர், கொஞ்சம் கிட்ட வந்து அப்பா பேரைக் கேட்டார். சொன்னேன். அப்புறம் பெட்டியை இறக்கும்போது அவர் சத்தம் கேட் வரைக்கும் கேட்டிச்சி. 'பெலான்-பெலான் யா, பாக்சிக் சில்வெஸ்டர்'னு. மெதுவா, மெதுவான்னு அப்பாகிட்டயே சொன்ன மாதிரி இருந்திச்சி."

"ஏன்டி இதை எங்கிட்ட சொல்லல?"

"உங்களால அங்க நிக்க முடியல. நான் நின்னேன். அதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமா இருந்திச்சும்மா."

அகத்தா மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கணவர் போன பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று கோயில் நிரம்பியிருந்தது. பொன்னும் சாம்பிராணியும் முன்னே போயின. மூன்றாவதாக அகத்தா வந்தாள். கிரீடம் வைத்துக்கொள்ளவில்லை. வெறும் தலை, வெள்ளைச் சேலை; கையில் பாய் கொடுத்த டப்பா. குடிலின் அருகே ஃபெலிசியா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் பிரிஜித்தா நின்றிருந்தார். அகத்தா நெருங்க நெருங்க, அந்த அம்மாளின் கை பிள்ளையைத் தூக்கிக்கொள்ள முன்னே நீண்டது. அகத்தா அதைப் பார்த்தாள். தொட்டில்வரை போகாமல் தாயின் முன்னால் முழங்காலிட்டு, டப்பாவை ஃபெலிசியாவின் கையில் வைத்தாள்.

"இது உனக்கும்மா. புண்ணு ஆத்துற மருந்து."

ஒத்திகையில் இல்லாத வார்த்தை அது. அமலன் ஒரு நொடி திகைத்துவிட்டுப் பாட்டைத் தொடங்கினார். ஃபெலிசியா குனிந்து பிள்ளையை எடுத்தாள். எடுத்து அகத்தாவின் கையில் கொடுத்தாள். அவள் கைகளில் ஒரு பச்சைப் பிள்ளை வந்து எவ்வளவோ வருடம் ஆகியிருந்தது. தலையை எப்படித் தாங்க வேண்டும் என்று கைகளுக்கு மறந்துபோயிருக்கவில்லை. பிரிஜித்தாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகத் தாழ்ந்தது.

பூசை முடிந்து எல்லோரும் கொட்டகையில் பசியாறிக்கொண்டிருந்தபோது பிரிஜித்தா ஒரு கிளாஸ் கோப்பியோடு அகத்தாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புண்ணுக்குன்னு சொன்னியே. இனிப்புநீர் புண்ணுக்கு ஆகுமா?"

"யாருக்கு?"

பிரிஜித்தா சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பாதத்தைக் காட்டினார். சர்க்கரை நோயால் புண்ணான கால்விரல்களில் துணி சுற்றியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்றார். தெரிந்தால் காலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அகத்தா அங்கேயே குனிந்து துணியை அவிழ்த்துப் பார்த்தாள். பிரிஜித்தா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"இதுக்கு வெள்ளைப்போளம் பத்தாது. நாளைக்கே கிளினிக்குக்குப் போவோம். நானும் கூட வரேன்."

போனார்கள். கால் தப்பித்தது, ஒரு விரலை மட்டும் எடுக்க வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் அகத்தாதான் அந்த வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டாள். அவள் கட்டும்போது பிள்ளை பக்கத்திலேயே பாயில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருக்கும். அதை யாரும் அறைக்குள் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அந்தத் தவக்காலத்தில் பங்கில் ஒருத்தர் இறந்தபோது, கூப்பிடாமலே அகத்தா போய் நின்றாள். சாவு வேலையை மறுபடி எடுத்துக்கொண்டாள். ஆனால் அதைவிட இப்போது அவள் அதிகம் போவது படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீடுகளுக்குத்தான். பிணத்தைத் தொடப் பயப்படுகிறவர்களைவிட, உயிரோடு கிடக்கும் அப்பாவை, அம்மாவைத் தொட்டுத் துடைக்கக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம் என்பதை அவள் அந்த வீடுகளில்தான் பார்த்தாள். எப்படிப் புரட்டுவது, எங்கே புண் வரும், எந்த வேளையில் துடைத்தால் உடம்புக்கு இதமாக இருக்கும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். ஒரு பிள்ளை தன் தகப்பனின் முதுகை முதன்முதலாகத் துடைக்கும்போது, அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் மூன்றாம் ஆள் வேண்டாம் என்பாள்.

போன வருடம் காளியம்மா ஆள் அனுப்பினாள். அவள் புருஷன் பழனியாண்டி செம்பனைக் குலை வெட்டுவதில் கைதேர்ந்தவர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததில் படுத்துவிட்டார். யாரையும் கிட்டே விடுவதில்லை, குளிக்கவும் மாட்டேன் என்கிறார், வாயைத் திறந்தால் ஏச்சு. அகத்தா அறைக்குள் நுழைந்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார்.

"அடியே, இவளை எதுக்குடி கூட்டிட்டு வந்த? நான் இன்னும் சாகலியே!"

"அதனாலதான் அண்ணே வந்தேன்" என்றாள் அகத்தா.

பழனியாண்டி அவளையும் காளியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

அகத்தா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலின் சுவர்ப் பக்கம் போனாள். "காளியம்மா, நீ தோளைப் பிடி. இழுக்காத, தாங்கிக்க மட்டும் செய். அண்ணே, மூச்சை இழுத்து விடுங்க. அவசரமே இல்லை."

அவர் முனகிக்கொண்டே மூச்சை இழுத்தார். இருவருமாக அவரை மெதுவாகத் திருப்பினார்கள்.